டர்பன் பக்கத்துக் கேசினோவில் எட்டு செவ்வாய்க்கிழமைகள்: ஸ்லாட் மெஷின் விமர்சனம்

பார்க்கிங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த இடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் நிறைய இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். வண்டி நிறுத்த இடம் தாராளம், காவலுக்கு ஆள் இருக்கிறது, விளக்கு பளிச்சென்று எரிகிறது. டர்பனில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் தனியாகத் தன் கார் வரைக்கும் பயமில்லாமல் நடந்து போகக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், இது அதில் ஒன்று. உள்ளே கழிப்பறை சுத்தம். ஏசி குளிர் கொஞ்சம் அதிகம், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். வேலை செய்பவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், வயதான பெண்களை ஜூலு மொழியில் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி 'கோகோ' என்று கூப்பிட்டு, கைப்பையை வாங்கிப் பிடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இடம் பிடிக்கும்.

கேசினோவின் பெயரை எழுதப் போவதில்லை. டர்பனிலிருந்து கார் ஓட்டிப் போகிற தூரத்தில் ஒன்று, அவ்வளவு போதும். நான் சொல்வதில் பெரும்பகுதி ஸ்லாட் மெஷின், அதாவது காசு போட்டுப் பட்டனை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கிற சூதாட்ட மெஷின், இருக்கிற எந்த ஊருக்கும் பொருந்தும்.

நான் கும்பகோணத்துக்காரி, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எழுபத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார், இனி கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் எட்டு வாரத்தில் ஒரு செவ்வாய் தவிர மற்ற செவ்வாய்க்கெல்லாம் நான் கூட்டிக்கொண்டு போனேன். ஆன்ட்டிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேச்சில் பாதிக்கு மேல் ஆங்கிலம் வரும், அவர் சொன்னதை எல்லாம் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். ஆன்ட்டிக்கு இந்தப் பழக்கம் வந்தது 2023இல், லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு மிக மோசமாக இருந்த வருடம். வீட்டில் இருட்டு, டிவி இல்லை, பேச ஆள் இல்லை. அங்கே ஜெனரேட்டர் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, தெரிந்த முகங்கள் இருக்கின்றன. சூதாட வேண்டும் என்று அவர் போகவில்லை, வெளிச்சத்துக்காகப் போனார். இதைச் சொல்லாமல் அந்த இடத்தைக் குறை சொன்னால் அது அரைகுறை விமர்சனம்.

என் கணவரின் தாய்மாமா பழைய ஆள், அவருக்கு இதெல்லாம் முன்பே தெரியும். 1965ஆம் வருடத்துச் சட்டம் குதிரைப் பந்தயத்தைத் தவிர கிட்டத்தட்ட எல்லாச் சூதாட்டத்தையும் தடுத்து வைத்திருந்த காலத்தில், டர்பன்காரர்கள் பஸ் பிடித்துத் தெற்கே போர்ட் எட்வர்டு தாண்டிப் போவார்களாம். டிரான்ஸ்கை தனி நாடு என்று நிறவெறி அரசு எழுதி வைத்திருந்ததே, அந்த எல்லையைத் தாண்டினால் இங்கத்திய சட்டம் செல்லாது, 1981இல் வைல்ட் கோஸ்ட் சன் என்ற கேசினோ அங்கேதான் திறந்தது. காலையில் கிளம்பி, புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போய், நடுராத்திரிக்குத் திரும்பி வருவது. அப்புறம் 1996இல் புதுச் சட்டம் வந்தது, நாடு முழுக்க 40 கேசினோ உரிமம் வரைக்கும் கொடுக்கலாம் என்று ஆனது. பஸ் பிடித்துப் போன தூரம் இப்போது இருபது நிமிடக் கார்ப் பயணம். தூரமும் ஒரு வேலிதான் என்று மாமா ஒருமுறை சொன்னார், அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

முதல் செவ்வாய் நான் விளையாடவே இல்லை, ஆன்ட்டியின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். பார்த்ததில் என்னைப் பிடித்து இழுத்தது மெஷின் அல்ல, மனிதர்கள். ஒருவர் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஸ்கிரீனை உள்ளங்கையால் மூன்று தடவை தடவுகிறார். ஒரு அம்மா கைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார். ஆன்ட்டி நேராகப் போய் உட்காரமாட்டார், வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடப்பார், ஒரு மெஷினுக்கு முன்னால் நிற்பார், தலையை ஆட்டிவிட்டு நகர்வார், கடைசியில் ஒன்றில் உட்கார்ந்து, "இதுதான், மனசு சொல்லுது" என்பார். எங்கள் ஊரில் இதைத்தான் பட்சி சொல்லுது என்போம். ரொம்ப நேரம் கொடுக்காத மெஷின் கொடுக்கப் போகிறது என்று ஒரு கட்சி, இப்போதுதான் கொடுத்த மெஷின் சூடாக இருக்கிறது, இன்னும் கொடுக்கும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் தான் சொல்வதில் துளி சந்தேகம் இல்லை.

இந்த மனசு சொல்லுகிற விஷயம் டர்பனில் கேசினோவுக்கு முந்தியது. ஆன்ட்டியின் அம்மா ஃபாஃபி போடுவாராம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், சீனர்கள் கொண்டுவந்த எண் விளையாட்டு அது, 1 முதல் 36 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். 1 ராஜா, 2 குரங்கு, 3 கடல் தண்ணீர், 4 செத்த மனிதன், 5 புலி, 7 திருடன், 9 நிலா, 10 முட்டை. ராத்திரி வந்த கனவில் என்ன பார்த்தோமோ அந்த எண்ணில் காலையில் காசு கட்ட வேண்டும், தெருவில் ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். சட்டத்துக்கு விரோதம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு நடந்தது. விடிந்ததும் பெண்கள் வேலியோரம் நின்று ஒருத்தி கனவை ஒருத்தி கேட்டு எண் பிரிப்பார்களாம். செத்துப்போன மாமனார் கனவில் வந்து முட்டை கேட்டால் அது நாலா பத்தா என்று பெரிய விவாதமே நடக்குமாம். ஆன்ட்டி இதைச் சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்தது. அந்த வேலியோரப் பேச்சில் ஒரு உறவு இருந்தது என்று எனக்குப் பட்டது. தோற்றாலும் கனவைக் கேட்க ஒரு ஆள் இருந்தார். மெஷினுக்கு முன்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் முகமும் ஸ்கிரீன் பக்கம்தான்.

மூன்றாவது செவ்வாய் நான் ஜெயித்தேன். ஒரு சென்ட் மெஷின் என்று எழுதியிருந்த ஒன்றில். (ஒரு சென்ட் நாணயம் அடிப்பதையே 2002இல் நிறுத்திவிட்டார்கள், கடையில் அந்தக் காசுக்கு எதுவும் கிடைக்காது. மெஷினில் மட்டும் அந்தப் பெயர் வாழ்கிறது. 50 லைன், அதாவது படங்கள் ஒன்றுசேர வேண்டிய 50 கோடுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து சென்ட் என்று போட்டால் ஒரு அழுத்துக்கு 2.50 ரேண்ட் போகிறது, பெயர் என்னவோ ஒரு சென்ட்தான்.) இலவசச் சுற்று விழுந்தது, அது ஓட ஓட எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 1,840 ரேண்டில் நின்றது. எனக்குக் காது அடைத்துவிட்டது. சுற்றி இருந்த எந்தச் சத்தமும் கேட்கவில்லை, கை சில்லிட்டது, கன்னம் மட்டும் சுட்டது. பணம் பெரிய தொகை இல்லை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வார மளிகை. ஆனால் அந்த நிமிடத்தில் யாரோ என்னைத் தேர்ந்தெடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காலையில் எனக்கு இடக்கண் துடித்தது என்று ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன், பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்று அம்மா சொல்லி வளர்ந்தவள்தானே நான். மறுநாள்தான் யோசித்தேன், உண்மையிலேயே துடித்ததா? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஜெயிக்காமல் போயிருந்தால் கண் துடித்ததோ பல்லி சொன்னதோ எதுவும் ஞாபகத்தில் இருந்திருக்காது. சகுனம் முதலில் வந்து வெற்றி பின்னால் வருகிறது என்று நினைக்கிறோம், எனக்கு அன்று வெற்றி வந்த பிறகுதான் சகுனம் வந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. எனக்குக் கைராசி என்று பேர் வந்துவிட்டது. நான்காவது செவ்வாய் ஆன்ட்டி தன் பட்டனை என்னை அழுத்தச் சொன்னார். அவருக்குத் தெரிந்த இன்னொரு அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ், என் கையைப் பிடித்துத் தன் கேசினோ கார்டின் மேல் வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. புதிய ஊரில், பதினாறு வருடமானாலும் 'இந்தியாவிலிருந்து வந்த பெண்' என்றே என்னைச் சொல்லும் இடத்தில், என் கை நல்ல கை என்று நாலு பேர் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ராசி என்பது ஒருவருக்கு இன்னொருவர் கொடுக்கிற மரியாதை. ராசியான கை, ராசியான மருமகள், ராசியான கடை என்று நாம் சொல்லும்போது அந்த ஆளை நம்முடன் சேர்த்துக்கொள்கிறோம். அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு மெஷினிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று அந்த வாரம் உட்கார்ந்து படித்தேன், எனக்குக் கணக்கு ஓரளவு வரும். உள்ளே ஒரு சிப் இருக்கிறது, அதன் வேலை எண்களைத் தாறுமாறாக உற்பத்தி செய்வது, ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாம் பட்டனைத் தொடுகிற அந்தக் கணத்தில் எந்த எண் இருந்ததோ அதுதான் முடிவு. அதற்குப் பிறகு சக்கரம் சுற்றுவது, மெதுவாவது, நடுங்கி நிற்பது எல்லாம் முடிந்துபோன முடிவைப் படமாகக் காட்டுவது. இதற்கு முந்தைய ஆட்டங்களில் நடந்தது எதுவும் மெஷினுக்கு ஞாபகம் இல்லை. ரொம்ப நேரம் கொடுக்கவில்லை என்ற கடனும் அதற்குக் கிடையாது, சூடும் கிடையாது.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது ஒன்று. ஐந்தாவது வாரம் ஒரு ஆள் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு எழுந்து போனார், அந்த நாற்காலியில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்து நாலாவது அழுத்திலேயே பெரிய தொகை அடித்தாள். அவர் திரும்பி வந்து பார்த்துவிட்டு அழாத குறை. "அது என் பணம், நான் ஊட்டி வளர்த்த மெஷின்" என்றார். இன்னும் நாலு தடவை அழுத்தியிருந்தால் தனக்கு விழுந்திருக்கும் என்று அவர் மனதார நம்பினார், அங்கே நின்ற எல்லோரும் நம்பினோம். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் அழுத்திய அதே நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அவர் அழுத்தியிருக்கவே முடியாது, வேறு எண்தான் வந்திருக்கும். அவர் எதையும் இழக்கவில்லை. இதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, இப்போது இங்கே எழுதுகிறேன்.

"கிட்ட வந்துடுச்சு" என்பது அந்த ஹாலில் அதிகமாகக் கேட்கிற வார்த்தை. இரண்டு சிங்கம் கோட்டில் நிற்கும், மூன்றாவது சிங்கம் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கும். நமக்குத் தோன்றுவது, அடுத்தது நமக்குத்தான். பழைய காலத்து மெஷினில் சக்கரம் நிஜ இரும்புச் சக்கரம், 22 இடம் இருந்தால் 22இல் ஒரு வாய்ப்பு, மூன்று சக்கரம் என்றால் 10,648இல் ஒன்று. 1984இல் இங்கே டெல்னேஸ் என்பவர் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை அதை மாற்றிவிட்டது. (இங்கே என்பது அவர் பெயர்.) கண்ணுக்குத் தெரிகிற சக்கரத்தில் அதே 22 இடம், உள்ளே கணினியில் 64 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜாக்பாட் படத்துக்கு அதில் ஒரே ஒரு இடம் கொடுத்தால் மூன்றும் சேர்வதற்கு 2,62,144இல் ஒரு வாய்ப்பு. கண் 22ஐப் பார்க்கிறது, விதி 64இல் எழுதப்படுகிறது. அதோடு நிற்கவில்லை. ஜாக்பாட் படத்துக்கு ஒட்டி மேலேயும் கீழேயும் இருக்கிற வெற்றிடங்களுக்கு உள்ளே நிறைய எண் கொடுத்தால், ஜாக்பாட் கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி அடிக்கடி தலை காட்டும். இப்போதைய மெஷின்களில் சக்கரமே கிடையாது, வெறும் ஸ்கிரீன், ஆனால் அந்தப் பாடத்தை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். 2009இல் லூக் கிளார்க் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் இங்கிலாந்தில் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மயிரிழையில் தவறிப்போன ஆட்டம் மனதுக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜெயிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகளையே அதுவும் தட்டி எழுப்புகிறது, ஆடுகிறவர் தானே படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடுகிறது. கிட்ட வருவது என்று ஒன்றும் அங்கே இல்லை. ஒரு விரல் தள்ளி நின்றாலும் ஒரு மைல் தள்ளி நின்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு அதே வாய்ப்புதான்.

தானே தேர்ந்தெடுப்பது என்றதும் ஆன்ட்டி வரிசைக்கு நடுவே நடப்பது ஞாபகம் வந்தது. எலன் லேங்கர் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலருக்குக் கையில் கொடுத்தார்கள், சிலரைத் தாங்களே பார்த்து எடுக்கச் சொன்னார்கள். அப்புறம் அந்தச் சீட்டைத் திருப்பி விற்கிறாயா என்று கேட்டால், கொடுக்கப்பட்டவர்கள் சுமார் இரண்டு டாலர் கேட்டார்கள், தாங்களே எடுத்தவர்கள் எட்டு டாலருக்கு மேல் கேட்டார்கள். சீட்டு ஒன்றேதான். கை பட்டதும் விலை ஏறிவிட்டது. என் கை பட்டதும் ஆன்ட்டிக்கும் அந்த நர்ஸ் அம்மாவுக்கும் விலை ஏறிய மாதிரி.

நான்காவது வாரத்திலிருந்து ஒரு நோட்டு வைத்து எழுத ஆரம்பித்தேன், கணக்கு எழுதுகிற கை சும்மா இருக்காது. மெஷின் பாட்டுப் பாடி, ஸ்கிரீனில் காசு தெறித்து, நான் ஜெயித்ததாகக் கொண்டாடிய தடவைகளை ஒரு பக்கம், எவ்வளவு வந்தது என்பதை இன்னொரு பக்கம். நூறு அழுத்தில் முப்பத்தோரு தடவை பாட்டு. அதில் பதினெட்டுத் தடவை வந்த தொகை நான் போட்ட 2.50 ரேண்டைவிடக் குறைவு. எண்பது சென்ட் வந்தாலும் பாட்டு, ஒரு ரேண்ட் வந்தாலும் பாட்டு. ஒன்றரை ரேண்டை இழந்ததற்கு எனக்கு மேளதாளம் வாசித்திருக்கிறார்கள். நோட்டில் எழுதும் வரைக்கும் எனக்கு இது தெரியவே இல்லை, முப்பத்தொன்றும் ஜெயித்ததாகத்தான் உடம்பு நினைத்தது. இதற்கு ஆய்வாளர்கள் 'வெற்றி வேடம் போட்ட தோல்வி' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2010இல் ஆடுகிறவர்களின் தோலில் வியர்வை மாற்றத்தை அளந்து பார்த்தபோது, இந்த வேடத் தோல்விக்கும் நிஜ வெற்றிக்கும் உடம்பு ஒரே மாதிரி துள்ளியது. இவர்கள் மேல் எனக்கு இருக்கிற முதல் கோபம் இதுதான். என் கடையில் வாடிக்கையாளருக்குப் பத்து ரேண்ட் மீதி கொடுக்க வேண்டிய இடத்தில் மூன்று ரேண்ட் கொடுத்துவிட்டு வாழ்த்துகள் என்று சொன்னால் என்னை என்ன செய்வார்கள்?

விலை என்ன என்று கேட்பீர்கள். மெஷினின் மேல் எழுதியில்லை, அதனால் நானே ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். நூறு ரேண்டுக்கு 92 திருப்பிக் கொடுக்கிற மெஷின் என்று வையுங்கள், கேட்க நல்ல மெஷினாகத்தான் தெரிகிறது. ஒரு அழுத்து இரண்டு ரேண்ட், ஆறு வினாடிக்கு ஒரு அழுத்து, மணிக்கு 600 அழுத்து. அதாவது மணிக்கு 1,200 ரேண்ட் உள்ளே போகிறது, சராசரியாக 1,104 திரும்புகிறது, 96 ரேண்ட் அங்கே தங்குகிறது. ஆன்ட்டி "நான் இருநூறுதான் கொண்டு வருகிறேன்" என்பார், அது உண்மைதான், ஆனால் அந்த இருநூறு திரும்பத் திரும்ப உள்ளே போய் வருகிறது, ஒவ்வொரு தடவையும் எட்டு சதவீதம் தேய்ந்துகொண்டே. சராசரியாக இரண்டு மணி நேரம் தாங்கும். அரசு கொடுக்கிற முதியோர் உதவித்தொகை 2025இல் மாதம் 2,300 ரேண்டை ஒட்டி இருந்தது, நாலு செவ்வாய்க்கு எண்ணூறு போனால் மீதி என்ன? ஒரு சினிமா, ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தருவது), ஒரு டீ என்று செலவழித்தாலும் இருநூறு ஆகும் என்று ஆன்ட்டி என்னிடம் வாதாடினார், அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிந்து விளக்கைப் போட்டு எழுப்பி அனுப்பிவிடுகிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அங்கே சுவரில் கடிகாரம் இல்லை.

அந்த நர்ஸ் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று. "திரும்பப் போட்டு ஆடுவேன், ஜெயிக்கவா இங்கே வருகிறேன்" என்றார். வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறாராம், நாலு வருடமாக. "இங்கே உட்கார்ந்தால் எதுவும் ஞாபகம் வராது, கை தானாக அழுத்தும், அந்த இரண்டு மணி நேரம் எனக்கு உடம்பே கிடையாது." லாஸ் வேகஸில் பல வருடம் மெஷின் ஆடுகிறவர்களோடு பழகி ஆராய்ந்த நடாஷா டோ ஷூல் என்ற மானுடவியலாளர் கேட்டதும் இதே பதில்தான். அவர்கள் அதை 'ஸோன்' என்கிறார்கள், காலமும் காசும் மறந்து போகிற ஒரு இடம், அதில் நீடித்து இருப்பதற்காகத்தான் ஆடுகிறார்கள். அதிர்ஷ்டம் தேடி வந்தவர்களை மட்டும் நான் அங்கே பார்க்கவில்லை. துக்கத்தை இறக்கி வைக்க இடம் இல்லாதவர்களையும் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் அவர் இங்கே வருவாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஆறாவது செவ்வாய் மாமா எங்களுடன் வந்தார். என் 1,840 ரேண்ட் கதை குடும்பத்தில் சுற்றி அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் பிக்கப் வண்டிக்கு கியர்பாக்ஸ் மாற்றப் பணம் எடுத்து வைத்திருந்தார், அதில் ஐந்நூறைப் போட்டுவிட்டு, "அம்மா, ஒரு தடவை நீ அழுத்து, உன் கை நல்ல கை" என்றார். பெரியவர் கேட்கிறார், மறுக்க முடியவில்லை. அழுத்தினேன். இரண்டு சிங்கம் நின்றது, மூன்றாவது மேலே நின்றது. "பார்த்தியா, எவ்வளவு கிட்ட!" என்றார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, 64 இடமும் தெரியும், நோட்டும் பையில் இருந்தது, அப்படியும் என் நெஞ்சு ஒருமுறை எகிறியது. சாயங்காலத்துக்குள் 3,200 ரேண்ட் போய்விட்டது. திரும்பி வரும்போது மாமா என்னைக் குறை சொல்லவில்லை, "இன்னைக்கு நாள் சரியில்லை" என்றார். குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த ராத்திரி ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டேன், இனி யார் பட்டனையும் நான் தொடமாட்டேன் என்று. அவருக்கு வருத்தம்தான், இரண்டு நாள் பேசவில்லை.

ஏழாவது செவ்வாய் நாங்கள் யாரும் போகவில்லை. எட்டாவது செவ்வாய்க்குள் மாமாவின் போனுக்கு மூன்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது, அவரைக் காணவில்லையாம், ஐம்பது ரேண்டுக்கு இலவசமாக ஆடலாமாம். ஒரே ஒரு தடவை வந்து 3,200 விட்டுப் போன ஆளை எவ்வளவு சீக்கிரம் தேடுகிறார்கள். உதவி எண் ஒட்டியிருக்கிறது, மெஷினின் பக்கவாட்டில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில். அதை இங்கே பெரிதாக எழுதுகிறேன், 0800 006 008, கட்டணம் இல்லை, ஆலோசனையும் இலவசம்.

அந்த எஸ்எம்எஸ்ஸை மாமாவே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "இது வந்துகிட்டே இருந்தா நான் போயிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்" என்றார். 2004ஆம் வருடச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, என்னை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம், குடும்பத்தில் ஒருவருக்காக நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கவும் முடியும். எட்டாவது செவ்வாய் நாங்கள் மூவரும் அதற்காகத்தான் போனோம். அந்த அலுவலக அறை எங்கே என்று கேட்டுக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது, வழிகாட்டிப் பலகை ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே இருந்த பெண் அவ்வளவு பொறுமை. நாற்காலி கொடுத்தார், படிவத்தை வரிவரியாக விளக்கினார், ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை, போட்டோ எடுத்துக்கொண்டு கேசினோ கார்டை வாங்கி மாமாவின் கண் முன்னாலேயே வெட்டினார். நான் அந்தக் கட்டடத்தில் எட்டு வாரத்தில் பார்த்த நல்ல சேவை அதுதான், ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். மெஷின்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மாமா பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "மணி என்னம்மா?" என்றார். போனில் பார்த்துச் சொன்னேன், இரண்டு நாற்பது. "ராகு காலம் மூணுக்குத்தானே?" என்றார், ஆமாம் என்றேன், உடனே கையெழுத்துப் போட்டார்.